சோறு போட்ட இடம்

பெரியமடு, பெப்ரவரி 21

சாமியார் பிரேமானந்தா 2011இல் இதே நாளில்தான் ஆயுள் கைதியாக இறந்தார். மாத்தளையில் ஆச்சிரமம் நடத்தியவர், தமிழருக்கு எதிரான 1983 கலவரத்துக்குப் பின் ஆதரவற்ற பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போய், விராலிமலைக்கு அருகே பாத்திமா நகரில் புதிதாக ஒன்றைக் கட்டினார். சோறு, படிப்பு, பஜனை எல்லாம் அங்கே இருந்தன. அத்தனையும் வெறும் வேஷம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. சோறும் படிப்பும் மெய். கொடுமை ஒளிந்திருக்க இடம் கொடுத்ததும் அவைதான். தாய் தகப்பன் இல்லாத, போக வேறு வீடில்லாத ஒரு பெண்பிள்ளை, தனக்கு உண்ணத் தருகிறவரைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவாள்? 1994இல் அங்கிருந்து தப்பிய ஒரு பெண் வாய் திறந்த பிறகே வழக்கு வந்தது. 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம், 13 பேரைப் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கியதற்கும் ஒரு கொலைக்குமாக அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது.

எல்லாம் சதி என்று பக்தர்கள் இன்றும் சொல்கிறார்கள். மரபணுச் சோதனை அவருக்கு எதிராக நின்றது. அவர் தரப்பு கொண்டுவந்த வெளிநாட்டு நிபுணரின் சாட்சியம் எடுபடவில்லை. மேல்முறையீடுகளும் 2005இல் இந்திய உச்ச நீதிமன்றத்தோடு தோற்று முடிந்தன. ஒரு மனிதன் செய்த பிழைக்கு நிறுவனத்தையே குறைசொல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. அவரோடு அவருடைய கூட்டாளிகளும் தண்டிக்கப்பட்டார்களே! படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்பதும் நிற்காது: இலங்கை உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்த, பின்னாளில் வட மாகாண முதலமைச்சரான விக்னேஸ்வரனே அவருடைய பக்தர். சட்டம் தெரிந்தவருக்கும் பக்தி வந்தால் தீர்ப்பு கண்ணில் படுவதில்லை. இதைப் பேசினால் நம் சனத்துக்குத்தான் அவமானம் என்பவர்களுக்கு ஒன்றே பதில்: அந்தப் பிள்ளைகளும் நம் சனம்தான்.

போர் தின்ற மன்னாரிலும் வன்னியிலும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எதன் நிழலிலும் பிள்ளைகளுக்கான விடுதி இருக்கலாம். பெரும்பாலானவை நல்ல மனத்தோடு நடப்பவையாகவே இருக்கட்டும். ஆனால் நல்ல மனம் காவல் ஆகாது. பிறந்தநாளுக்கு அங்கே சோறு கொடுக்கப் போகிறவர்கள், முற்றம் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சுவதோடு திரும்ப வேண்டாம். நிர்வாகி பக்கத்தில் இல்லாத வேளையில் ஒரு பிள்ளை வெளியாளோடு பேச முடியுமா என்று கேளுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் பிள்ளைகளின் கண்ணில் படும் சுவரில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.