அமெரிக்காவில் விற்காதது, கிள்ளானில் கிடைத்தது

பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரல் பக்கத்து மோனோரெயில் நிலையத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் இம்பி. இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கடைத்தொகுதிதான். இம்பி பிளாசா என்ற பெயரைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். தொண்ணூறுகளில் கணினியும் திருட்டு சிடியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் விற்றன. பிறகு லோயாட் பிளாசா வந்தது, சட்டமும் இறுகியது, அந்தக் காலம் முடிந்தது.

அப்போது வாங்கிய வீடியோ கேம்களில் பாதி ஜப்பானிய மொழியில் இருக்கும். மேலிருந்து மூன்றாவது வரியை அழுத்தினால் சேமிக்கும், இரண்டாவதை அழுத்தினால் சண்டை தொடங்கும் என்று இடத்தை வைத்தே மனப்பாடம் செய்துகொண்டோம். கதை என்னவென்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து இடைவேளையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

இம்பியிலிருந்து நடக்கும் தூரத்தில் சுங்கை வாங் பிளாசா. 1977-ல் திறந்த கட்டடம். இன்று முன்புபோல் கூட்டம் இல்லை. ஆனாலும் ரோபோ பொம்மைகளும் பழைய வீடியோ கேம்களும் தேடுகிறவர்கள் இன்னும் அங்கேதான் போகிறார்கள். மாடியில் ஒரு சிறிய கடை. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், எளிதில் கை எட்டாத உயரத்தில், ஒரு பிஎஸ்4 வட்டு. முதுகில் ஆங்கிலத்தில் பெயர்: சூப்பர் ரோபோட் வார்ஸ் வி.

“ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள், அங்கிள்?” என்று மலாயில் கேட்டேன்.

தவுக்கே சிரித்தார். “இது அமெரிக்காவில் விற்காதது. வெள்ளைக்காரப் பயணிகள் வந்தால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.”

உலகத்தின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே விற்காத ஒன்று ஆங்கிலத்தில் அச்சாகி நம்மூர்க் கடைக்கு எப்படி வந்தது? அதைப் புரிந்துகொள்ள, ஒரு தமிழ்ப் படத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பாட்ஷாவும் வேலு நாயக்கரும் ஒரே படத்தில் வருகிறார்கள். கேட்கும்போதே விசில் அடிக்கத் தோன்றும். ஆனால் பாட்ஷாவைத் தயாரித்தது சத்யா மூவிஸ், நாயகனைத் தயாரித்தது முக்தா பிலிம்ஸ். இரண்டு நிறுவனமும் சம்மதிக்க வேண்டும், இரண்டு நடிகர்களும் சம்மதிக்க வேண்டும், பாட்டுக்கு வேறு ஒப்பந்தம் வேண்டும். ரசிகர்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும், ஒரு கையெழுத்து குறைந்தால் படம் கிடையாது.

ஜப்பானில் இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் நாயகர்களை ஒரே ஆட்டத்தில் சேர்ப்பதற்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். சூப்பர் ரோபோட் வார்ஸ் தொடரின் முதல் ஆட்டம் 1991-ல், கேம் பாய் கருவிக்கு வந்தது. 1972-ல் பிறந்த மசிங்கர், 1979-ல் பிறந்த குண்டம் என்று வேறு வேறு காலத்து ரோபோக்கள் அதில் தோளோடு தோள் நின்றன. தவுக்கேயின் மேல்தட்டில் இருந்த ‘வி’ ஆட்டத்தில் இவான்கெலியனும் யாமாட்டோ விண்கப்பலும்கூட உண்டு.

ஜப்பானுக்குள் கையெழுத்து வாங்குவது ஒரு வேலை. அதே ஆட்டத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது வேறு வேலை. ஒரு கார்ட்டூனின் வெளிநாட்டு உரிமை நாட்டுக்கு நாடு வேறு வேறு கைகளில் இருக்கும். பெயர்பெற்ற உதாரணம் மேக்ராஸ். அதோடு வேறு இரண்டு தொடர்களையும் சேர்த்துத் தைத்து, ஹார்மனி கோல்ட் என்ற நிறுவனம் 1985-ல் அமெரிக்காவில் ரோபோடெக் என்று ஒளிபரப்பியது. அதன் பிறகு ஜப்பானுக்கு வெளியே மேக்ராஸ் யாருக்குச் சொந்தம் என்ற இழுபறி பல ஆண்டுகள் நீடித்தது. 2021 ஏப்ரலில்தான் சமரசம் வந்தது. அதுவரை, மேக்ராஸ் இடம்பெற்ற ஆட்டத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக நினைத்தவர்களுக்கு முதல் படியிலேயே முட்டுக்கட்டை.

இப்படி ஊரைத் தாண்டாதவை பல. 2005-ல் வந்த நாம்கோ க்ராஸ் கேப்காம் ஜப்பானோடு நின்றது. லுஃபியும் நருட்டோவும் கோக்குவும் மோதிய ஜம்ப் சூப்பர் ஸ்டார்ஸ், அதற்கு அடுத்த வருடம் வந்த ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ் இரண்டும் அப்படியே. டட்சுனோக்கோ வெர்சஸ் கேப்காம் 2008 டிசம்பரில் ஜப்பானில் வந்து, 2010 ஜனவரியில்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அதிலும் உரிமைச் சிக்கலால் ஒரு பாத்திரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கப்பல் ஏறியது.

சூப்பர் ரோபோட் வார்ஸ் தொடரிலேயே 2006-ல் இரண்டு ஆட்டங்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. இரண்டின் பெயரும் ஒரிஜினல் ஜெனரேஷன். அவற்றில் இருந்தவை அந்த ஆட்டத் தொடருக்கென்றே உருவான சொந்த ரோபோக்கள். விருந்தாளி யாரும் இல்லாததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. ஒரு பாட்டில் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை. வானலையில் ஒலிக்க ஓர் அனுமதி, அதே நிகழ்ச்சியை இணையத்தில் சேமித்து வைக்க வேறு அனுமதி. “இந்தப் பாட்டை ஏன் போடவில்லை?” என்று நேயர் கோபித்துக்கொள்ளும்போது, பாட்டு பிடிக்காமல் இல்லை என்று எப்படி விளக்குவது? 2017-ல் இளையராஜாவின் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்த பிறகு, அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி. அந்தப் பாடல்களை மேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டதை நாம் மறக்கவில்லை. பாட்டும் இருந்தது, பாடியவரும் இருந்தார், கேட்க ஆட்களும் இருந்தார்கள்.

நம் வட்டாரத்துக்குக் கதவு திறந்தது 2016-ல். அந்த ஆகஸ்டில் பண்டாய் நாம்கோ நிறுவனம் ‘தி மூன் டுவெல்லர்ஸ்’ என்ற ஆட்டத்தைத் தென்கிழக்காசியாவுக்கென்று ஆங்கில எழுத்துகளோடு வெளியிட்டது. அதன் ஆங்கிலம் தடுமாறியது. ஆனாலும் வந்தது. 2017-ல் ‘வி’, 2018-ல் ‘எக்ஸ்’, 2019-ல் ‘டி’ வரிசையாக வந்தன. இவை மூன்றிலும் கார்ட்டூன் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். நமக்கான கையெழுத்துகள் சேர்ந்தன, மேற்குக்கானவை சேரவில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஆனால் அமெரிக்கா அல்லாத ஓர் இடம் என்பதுதான் நம் அதிர்ஷ்டம். அமெரிக்க ரசிகர்கள் நம் பக்கத்து வட்டுகளைத் தபாலில் வரவழைத்து விளையாடினார்கள். பிஎஸ்4 வட்டுக்கு நாட்டுப் பூட்டு இல்லாததால் அது முடிந்தது.

இந்த வட்டுகளைத் தொடர்ந்து வாங்கிய ஒருவரைப் பார்க்கக் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். சுபாங் ஜெயா, ஷா ஆலம் தாண்டி, புக்கிட் பாடாக்குக்கு அடுத்த நிலையம் கிள்ளான். ஜாலான் தெங்கு கிளானா கடைகளில் பூமாலையும் முறுக்கும் சேலையும். அதன் பின்பக்கத்துத் தெருவில் வீடு. தம்பிக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்தில் கொள்கலன் கணக்குப் பார்க்கும் வேலை. அவர் அலமாரியில் மூன் டுவெல்லர்ஸ், வி, எக்ஸ், டி நான்கும் வரிசையாக இருந்தன.

“தமிழ்ப்பள்ளியில படிச்சவன் அக்கா நான். இடைநிலைப் பள்ளி போனப்ப ஆங்கிலம் ரொம்பத் தகராறு. இந்த ஆட்டத்துல சண்டைக்கு முன்னாடி பக்கம் பக்கமா பேசுவாங்க. படிக்காம அழுத்தினா கதை புரியாது. அகராதிய மடியில வச்சுக்கிட்டு விளையாடினேன்,” என்றார்.

வெளிநாட்டு ரசிகர் ஒருவர் நான்கையும் சேர்த்து நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறார். அம்மா விற்கச் சொல்கிறார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அந்தப் பணம் உதவும். தம்பி இன்னும் பதில் எழுதவில்லை.

“நான் வேலை செய்ற இடத்துல தினமும் எவ்வளவு பெட்டி ஏறுது பாருங்கக்கா. அமெரிக்காவுக்கும்தான் போவுது. மரச்சாமான் போவுது, கையுறை போவுது. இது மட்டும் கடைக்குப் போவ முடியல. காகிதம் இல்லையாம்.”

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2021 அக்டோபரில் வந்த சூப்பர் ரோபோட் வார்ஸ் 30, கணினிக்கான ஸ்டீம் தளத்தில் மேற்கு நாடுகளிலும் விற்பனைக்கு வந்தது. கன்சோல் பதிப்பு மட்டும் ஜப்பானோடும் ஆசியாவோடும் நின்றது. 2025 ஆகஸ்டில் வந்த ‘ஒய்’ கன்சோல்களிலும் மேற்கே போய்விட்டது. ‘வெளிநாட்டுக்கு வருமா?’ என்று ஜப்பானைப் பார்த்து ஏங்கும் காலம் ஏறக்குறைய முடிந்தது. நல்ல செய்திதான். மேல்தட்டு வட்டுக்கு இருந்த மவுசு குறையும், அதிலும் தவறில்லை.

ஆனால் வந்தது நிலைக்குமா என்பது இனி எழும் கேள்வி. ஜம்ப் நாயகர்களைச் சேர்த்து ‘ஜம்ப் ஃபோர்ஸ்’ என்ற ஆட்டம் 2019 பிப்ரவரியில் உலகம் முழுவதும் வெளியானது. மூன்றே வருடத்தில், 2022 பிப்ரவரியில், அதன் இணைய விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு புதிதாக வாங்க நினைத்தவர் கடையில் மிச்சமிருந்த வட்டைத்தான் தேட வேண்டியிருந்தது. பல பேரின் நாயகர்களைக் கடன் வாங்கிச் செய்த ஆட்டத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கடன் பத்திரத்தின் தவணை முடிந்தால் இணையக் கடையிலிருந்து ஓர் இரவில் காணாமல் போகலாம். வட்டு மட்டும் அலமாரியில் இருக்கும்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு நாயகன் ஜப்பானுக்குப் போயிருக்கிறான். உப்பின் இப்பின் கார்ட்டூனில் 2014-ல் அறிமுகமான அல்ட்ராமேன் ரிபுட் மலேசியாவுக்காகப் பிறந்தவன். ரிபுட் என்றால் மலாயில் புயல். 2019-ல் ஜப்பானின் அல்ட்ரா கேலக்ஸி ஃபைட் தொடரில் மூத்த அல்ட்ராமேன்களோடு சேர்ந்து சண்டை போட்டான். இரண்டு நாட்டுக் கையெழுத்தும் ஒரே காகிதத்தில் சேர்ந்தால் எந்தத் திசையிலும் கடலைத் தாண்டலாம்.

வார இறுதியில் சுங்கை வாங் பக்கம் போகிறவர்கள் மாடிக் கடைகளையும் ஒரு சுற்று பாருங்கள். பழைய பிஎஸ்4 வட்டின் உறையில் ஜப்பானியப் பெயரும் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருந்தால் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதில் சில நம் வட்டாரத்துக்காகவே அச்சானவை. வீட்டில் ஏற்கெனவே இருந்தால், பழைய சாமானோடு சேர்த்துப் போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கிள்ளான் தம்பியிடம் நான் விற்கவும் சொல்லவில்லை, வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. கூரை ஒழுகும் வீட்டில் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். மூன்றை விற்றுவிட்டாராம். ‘வி’ மட்டும் இருக்கிறது. அகராதியும் இருக்கிறதாம்.