வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு தாயகம்!

ஜி.ஆர்.இ. கோச்சிங், ஐ.இ.எல்.டி.எஸ். மாக் டெஸ்ட், விசா இன்டர்வியூவுக்காக அயர்ன் பண்ணி மாட்டி வெச்ச சட்டை... உங்க கிளாஸில் பாதிப் பேராவது இதில் ஏதோ ஒண்ணுல இருப்பாங்க. ஏன், நீங்களேகூட இருக்கலாம். படிக்கப் போறோம், சம்பாதிக்கப் போறோம். பிடிக்கலையா, அடுத்த ஃப்ளைட்டைப் பிடிச்சு அம்மா கையால ரசம் சாப்பிட வந்துடலாம். ஆனா, கண்ணால ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரு நாட்டை ‘என் ஊர்’னு சொல்லி, அங்கே ‘திரும்பி’ப் போறதுக்காக வருஷக்கணக்கில் தயாராகிற ஆளைப் பார்த்திருக்கீங்களா? நான் அப்படி ஒருத்தன்கூட மூணு வருஷம் ஒரே ரூமில் இருந்தேன்.

ஹாஸ்டலில் அவனை எல்லாரும் ‘மணிப்பூர்’னுதான் கூப்பிடுவாங்க. அவன் பேரைச் சரியா உச்சரிக்க யாரும் மெனக்கெடலை. சுராசந்த்பூர்க்காரன், குக்கி. 2016-ல் சென்னையில் பி.எஸ்ஸி. சேர்ந்த முதல் வாரமே எனக்கு உயிர் நண்பன் ஆகிட்டான். காரணம் ரொம்ப சிம்பிள். புதன்கிழமை ராத்திரி மெஸ்ஸில் சிக்கன். தன் பங்கை அப்படியே தூக்கி என் தட்டில் வெச்சுட்டான்.

‘வெஜிடேரியனா மச்சி?’

‘இல்லடா. நான் யூதன்.’

நான் என்ன நினைச்சிருப்பேன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எனக்குத் தெரிஞ்ச யூதர்கள் எல்லாம் ஹாலிவுட் படத்தில் வர்றவங்கதான். இவனோ பக்கா வடகிழக்கு முகம். சென்னையில் யூத அடையாளம்னு மிச்சமிருக்கிறதே லாயிட்ஸ் ரோட்டில் ஒரு சின்ன கல்லறைத் தோட்டமும், அந்தக் காலத்து பவழ வியாபாரிகளை ஞாபகப்படுத்தும் பவழக்காரத் தெருங்கிற பேரும்தான். பத்து ஆண்கள் கூடினால்தான் அவங்க முறைப்படி கூட்டுப் பிரார்த்தனை நடத்த முடியும். இவன் ஊருக்கே ஒத்தை ஆள்!

கதை இதுதான். கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் இஸ்ரேல் ராஜ்ஜியத்தைப் பிடிச்சப்போ, பத்து கோத்திரங்கள் சிதறிக் காணாமல் போச்சுன்னு ஒரு நம்பிக்கை. அதில் ஒண்ணு மனாசே. குக்கி, மிசோ மக்களோட பழைய வழிபாட்டுப் பாடல்களில் ‘மன்மாசி’னு ஒரு மூதாதையர் வர்றார். ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு பகுதி மக்கள் நம்ப ஆரம்பிச்சாங்க. 1951-ல் மிசோ மலையில் ஒருத்தர், தங்கள் பூர்விகம் இஸ்ரேல்தான்னு கனவு கண்டதாகச் சொன்னார். 1970-களில் கிறிஸ்தவத்தை விட்டுட்டு யூத முறைப்படி வாழத் தொடங்கினாங்க. ‘பினெய் மெனாஷே’ - மனாசேயின் பிள்ளைகள் - அப்படின்னு ஒரு ரபி பேர் வெச்சார். 2005-ல் இஸ்ரேலின் தலைமை ரபிகளில் ஒருவரான ஷ்லோமோ அமார், இவங்க தொலைந்த கோத்திரத்தின் வழிவந்தவங்கன்னு அங்கீகரிச்சார். மரபணுச் சோதனைகள் எதையும் உறுதியாக நிரூபிக்கலை. ‘அது நிஜமா இல்லையா’ன்னு நான் அவனைக் கேட்டிருக்கேன். ‘உன் குலசாமி நிஜமா இல்லையான்னு நான் கேட்டேனா?’ன்னான். அதோட விட்டுட்டேன்.

அந்த ஊருக்குப் போறதை ‘அலியா’ம்பாங்க. ஹீப்ருவில் ‘ஏறுதல்’னு அர்த்தம். அங்கிருந்து கிளம்பி வேற நாட்டுக்குப் போனா அதுக்குப் பேர் ‘இறங்குதல்’! இஸ்ரேலில் 1950-ல் வந்த ‘திரும்பும் சட்டம்’ எந்த யூதரும் அங்கே வந்து குடியேறலாம்னு சொல்லுது. 1970 திருத்தத்துக்கு அப்புறம் பேரன் பேத்தி வரைக்கும் அந்த உரிமை உண்டு. ஆனா, பினெய் மெனாஷேக்களுக்கு தாத்தா யூதர்னு காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அதனால ரபிகள் நேர்காணல் பண்ணணும், மூணு பேர் கொண்ட மத நீதிமன்றத்தின் முன்னாடி முறைப்படி மதம் மாறணும், அப்புறம்தான் குடியுரிமை. தன் சொந்த மதத்துக்கே மதம் மாறணும். யோசிச்சுப் பாருங்க.

அதுக்கான ‘சிலபஸ்’ஸைத்தான் அவன் எங்க ஹாஸ்டலில் படிச்சான். வெள்ளிக்கிழமை சூரியன் மறைஞ்சதும் அவனுக்கு சப்பாத் ஆரம்பிச்சுடும். சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியும் வரைக்கும் போன் கிடையாது, எழுதக் கூடாது, ஸ்விட்ச்சைத் தொடக் கூடாது. என்னை ‘லைட்டை ஆஃப் பண்ணு’ன்னு நேரடியா கேட்கவும் கூடாதாம். ஜாடையா சொல்லலாமாம். ‘மச்சி, ரூம் ரொம்ப வெளிச்சமா இருக்குல்ல?’ம்பான். நான் எதுவும் புரியாத மாதிரி, ‘ஆமா மச்சி, சூப்பர் வெளிச்சம்’னு சொல்லிட்டுப் புரண்டு படுப்பேன். பாவம், ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துட்டு தலையணையை முகத்தில் கவிழ்த்துக்குவான்.

சாப்பாடு இன்னும் மோசம். அவங்க ஊர்ல வீட்டு வாசனைன்னாலே மூங்கில் குருத்து போட்ட பன்றிக்கறிதான். அதை அவன் அப்பா காலத்திலேயே விட்டாச்சு. சொந்தபந்தம் கிறிஸ்துமஸுக்குக் கூடி அதைச் சமைக்கிறப்போ, இவங்க குடும்பம் மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்குமாம். முறைப்படி அறுக்காத கோழியும் ஆகாது. விளைவு, சென்னையில் மூணு வருஷம் முழுக்க சாம்பார், தயிர் சாதம், மறுபடியும் சாம்பார்.

ஹீப்ரு வலமிருந்து இடமா எழுதணும். உயிரெழுத்தை வழக்கமா எழுதவே மாட்டாங்க, நாமதான் யூகிச்சுப் படிக்கணும். அவனுக்கு நம்ம ‘ழ’ வராது, எனக்கு அவங்களோட தொண்டைக் கரகரப்பு வராது. ஒருநாள் நோட்டில் ‘துக்கி’ன்னு எழுதி, கிளின்னு அர்த்தம் போட்டிருந்தான். பைபிளில் சாலமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த ‘துக்கியீம்’கிறது மயில்கள்தான், அந்த வார்த்தையே நம்ம ‘தோகை’யிலிருந்து போயிருக்கலாம்னு சில அறிஞர்கள் சொல்றாங்கன்னு எங்கேயோ படிச்சதை எடுத்துவிட்டேன். ‘அப்போ நீயும் என்கூட வரலாம்டா’ன்னு சிரிச்சான்.

சிரிப்பெல்லாம் 2017 நவம்பர் வரைக்கும்தான். செமஸ்டரில் ஒரு பேப்பர் சனிக்கிழமையில் விழுந்துச்சு. அவன் ஆபீஸுக்குப் போய் நின்னான். ‘போய் எழுதுப்பா, சாமி கோவிச்சுக்காது’ன்னு அனுப்பிட்டாங்க. நாங்க எல்லாரும் கெஞ்சினோம். அவன் எழுதலை. நான் பரீட்சை முடிஞ்சு வந்தப்போ ஜன்னலோரமா உட்கார்ந்திருந்தான். ‘கொஸ்டீன் ஈஸியா?’ன்னு கேட்டான். செம ஈஸி. ‘கஷ்டம்தான்’னு சொன்னேன்.

‘ஏன்டா இவ்வளவு பிடிவாதம்?’

‘நாளைக்கு மூணு பேர் உட்கார்ந்து, சனிக்கிழமை என்ன பண்ணுவேன்னு கேட்பாங்க. அவங்ககிட்ட பொய் சொல்லிட்டு எப்படிடா என் ஊருக்குப் போறது?’

அந்த அரியரை அடுத்த ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை எழுதி பாஸ் பண்ணினான்.

2018 ஜனவரியில் ரெண்டு பேரும் கொச்சிக்குப் போனோம். அவனுக்கு முன்னாடி இந்தியாவிலிருந்து கிளம்பினவங்களைப் பார்க்கணும்னு ஆசை. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டின பரதேசி ஜெபாலயம், தரையெல்லாம் நீலம் தீட்டின சீன ஓடுகள்... அதெல்லாம் டூரிஸ்ட் சமாசாரம். என்னை உலுக்கினது வேற. 1950 வாக்கில் கொச்சி யூதர்கள் ஊரோட கிளம்ப முடிவு பண்ணினாங்க. பல குடும்பங்கள் இருந்ததை வித்துட்டு ரெடியா நின்னாங்க. இஸ்ரேல் சுகாதாரத் துறை குறுக்கே விழுந்துச்சு. கொச்சியில் யானைக்கால் நோய் இருந்ததால, இவங்க வந்தா அங்கேயும் பரவிடும்னு பயம். அந்தப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலவும்கிறதால, அந்த டெஸ்ட்டுக்கு ராத்திரியில்தான் ரத்தம் எடுக்கணும். சொந்த ஊருக்குப் போக ராத்திரி கையை நீட்டிக்கிட்டு நிக்கணும்! வீடும் இல்லாம, நாடும் இல்லாம வருஷங்கள் போச்சு. 1953-லிருந்து 1955-க்குள்தான் பெரும்பாலானவங்க போய்ச் சேர்ந்தாங்க. காயல் தண்ணியில் காலை நனைச்சவங்களை பேர்ஷெபா பக்கத்துப் பாலைவனத்தில் நெவாதிம்னு ஒரு கிராமத்தில் கொண்டுபோய் விட்டாங்க. அங்கே பூ வளர்த்து ஏற்றுமதி பண்ணிப் பிழைச்சாங்க.

இவங்களுக்காக 1953-ல் இஸ்ரேலுக்கே போய்ப் பேசினவர் ஏ.பி.சேலம். மெட்ராஸில் சட்டம் படிச்ச வக்கீல். பரதேசி ஜெபாலயத்தில் தன் பிரிவினரைச் சமமா உட்கார விடலைன்னு சத்தியாகிரகம் பண்ணி ‘யூத காந்தி’ன்னு பேர் வாங்கினவர். ஊரையே அனுப்பி வெச்ச மனுஷர், தான் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967-ல் இறந்துபோனார். ‘அவர் ஏன் போகலை?’ன்னு திரும்பி வர்ற ரயிலில் ஈரோடு வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தான்.

இந்த இடத்தில் என் பாட்டியைப் பத்திச் சொல்லணும். நான் கூடலூர்க்காரன். எங்களைச் சுத்துப்பட்டில் ‘சிலோன்காரங்க’ம்பாங்க, அரசாங்கத் தாளில் ‘தாயகம் திரும்பியோர்’. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்குன்னு கணக்குப் போட்டாங்களே, அதில் பாட்டியும் ஒரு நம்பர். ஹட்டன் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, இந்தியாவையே பார்க்காத பாட்டி 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி ‘ஊருக்குத் திரும்பி’னாங்க. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. துறையூர் பக்கத்தில் இருந்த பூர்விகக் கிராமத்துக்கு ஒரே ஒரு தடவை போனாங்க. ‘நீங்க யாரு?’ன்னு கேட்டாங்களாம்.

இதைச் சொன்னப்போ அவன் ரொம்ப நேரம் பேசலை. ‘உங்க பாட்டியை அனுப்பினாங்க. நான் ஆசைப்பட்டுப் போறேன். வித்தியாசம் இருக்குடா’ன்னான். இருக்கு, மறுக்கலை. ஆனா, நான் இன்னொண்ணும் கேட்டேன். ‘2,700 வருஷத்துக்கு முன்னாடி போனதா நம்புற உன்னைக் கூப்பிடுறாங்க. 1948-ல் வீட்டைப் பூட்டி சாவியோட போன பாலஸ்தீனக் குடும்பம் திரும்பி வர முடியலையே, அது?’ முதலில் போன பினெய் மெனாஷேக்கள் பலரை மேற்குக் கரையிலும் காஸாவிலும் இருந்த குடியேற்றங்களில்தான் வெச்சாங்க. காஸா குடியேற்றங்களை 2005-ல் காலி பண்ணினாங்க. அவனுக்கும் இது தெரியும். ‘என்கிட்ட பதில் இல்லை’ன்னான். அதுக்காக அவன் போகாம இருக்கணும்னு நான் சொல்லலை. ஆனா, அந்தக் கேள்வியைக் கேட்காம அவனை வழியனுப்ப எனக்கு மனசு வரலை.

2019-ல் டிகிரி முடிச்சு ஊருக்குப் போனான். அக்கா 2015-லேயே இஸ்ரேல் போயாச்சு. அம்மா, அப்பா, இவன் லிஸ்ட்டில். இந்த லிஸ்ட் இருக்கே, அது நம்ம தட்கல் மாதிரி கிடையாது. 2007-ல் ஒரு அரசாங்கம் நிறுத்திச்சு, 2012-ல் வேற அரசாங்கம் திறந்துச்சு. நடுவில் அஞ்சு வருஷம் சும்மா. அதுவரைக்கும் புது வீடு கட்டலாமா வேண்டாமா, கல்யாணம் பண்ணலாமா வேண்டாமா? எதுக்கும் பதில் தெரியாம ஒரு குடும்பம் பெட்டியைப் பார்த்துக்கிட்டே வாழணும்.

2023 மே 3-ம் தேதி மணிப்பூர் பத்திக்கிச்சு. நான் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். இன்டர்நெட் இல்லை. இம்பாலில் இருந்த அவன் சித்தி வீடு எரிஞ்சு, உடுத்தின துணியோட சுராசந்த்பூர் வந்து சேர்ந்தாங்க. சர்டிஃபிகேட், போட்டோ, ஹீப்ரு நோட்டு எல்லாம் சாம்பல். தான் யார்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்க வேண்டிய ஒரு கூட்டத்துக்குக் காகிதம் எரிஞ்சா என்ன ஆகும்? அதே வருஷம் அக்டோபரில் அந்தப் பக்கமும் போர். 2024 செப்டம்பரில் மேற்குக் கரையில் நடந்த தாக்குதலில் இறந்த ஒரு இஸ்ரேல் சிப்பாய், இவன் சமூகத்துப் பையன். வயசு 24. ‘இப்பவும் போகணுமா?’ன்னு மெசேஜ் பண்ணினேன். ‘இங்கே மட்டும் என்ன வாழுது?’ன்னு பதில் வந்துச்சு.

2025 நவம்பரில் இஸ்ரேல் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்துச்சு. மிச்சமிருக்கிற சுமார் 5,800 பேரையும் 2030-க்குள் கூட்டிக்கிறது, அதில் 1,200 பேரை 2026-லேயே. வடக்கே கலிலேயா பகுதியில் குடியமர்த்துவாங்களாம். அக்கா இருக்கிற நோஃப் ஹகலில் அங்கேதான் இருக்கு. அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணினான். முதல் லிஸ்ட்டா, கடைசி லிஸ்ட்டான்னு தெரியலை. ஆனா, அம்மா மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்களாம்.

‘உங்க பாட்டி வர்றப்போ என்னடா கொண்டுவந்தாங்க?’ன்னு கேட்டான்.

பித்தளைச் செம்பு, ரெண்டு சேலை, ஒரு சாமி படம். கொழுந்துக் கூடையை மட்டும் பக்கத்து லயத்தில் கொடுத்துட்டு வந்தாங்க. ஊர்ல வயல் வேலைதானே, கூடை எதுக்குன்னு. கூடலூர் வந்த மறுவாரமே தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைச்சுச்சு. கையில் இருந்த காசில் முதல் செலவு, புதுக் கூடை!

அவன் வாய்விட்டுச் சிரிச்சதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. அந்தப் பக்கம் அம்மாகிட்ட அவங்க பாஷையில் ஏதோ சொன்னான். அவங்களும் சிரிச்சாங்க. காய்ஞ்ச மூங்கில் குருத்து ரெண்டு கிலோ எடுத்து வெச்சிருக்காங்களாம், வேண்டாம்னு அப்பா சண்டை போட்டுக்கிட்டு இருந்தாராம்.

‘அது கோஷரா?’ன்னேன்.

‘கோஷர்தான், விசாரிச்சுட்டேன். ஏர்போர்ட்டில் விடுவாங்களான்னுதான் தெரியலை!’