வாசல் வரைதான் அம்மா!

பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் பிறந்த வீடு வந்தவள், குழந்தைக்கு ஏழு மாதம் ஆனதும் சிங்கப்பூருக்குக் கிளம்பினேன். ‘இவர்’ வந்து அழைத்துப் போக லீவு கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு தனியாக, அதுவும் நடுராத்திரி விமானத்தில்! அம்மாவுக்கு ஒரு வாரமாகவே தூக்கம் இல்லை.

புதுக்கோட்டை சாலையில் இருக்கும் விமான நிலையத்தில் புதிய கட்டடத்தை 2024 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து பயணிகள் அதன் வழியாகத்தான் போய் வருகிறார்கள். நெரிசலான நேரத்தில் சுமார் 3,500 பேர் வரை தாங்குமாம். கோபுரத்தையும் கோலத்தையும் நினைவூட்டும் வண்ண வேலைப்பாடுகளைப் பார்த்து அம்மா, “நம்ம ஸ்ரீரங்கத்துக்கே வந்த மாதிரி இருக்கு” என்றாள். ஆனால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் உள்ளவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி. ஏழு மாதமாகக் குழந்தையைக் குளிப்பாட்டிய கைகள் வாசலிலேயே நின்றுவிட்டன. “நீ போ, நான் போய்க்கறேன்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பெட்டிகளைப் போட்டுவிட்டால் பாதிப் பாரம் குறையும். மடக்கும் தள்ளுவண்டி இருந்தால், விமானத்தின் வாசல் வரை அதை வைத்துக்கொள்ள முடியுமா என்று கவுண்ட்டரிலேயே கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்கைப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

பாதுகாப்புச் சோதனைதான் எனக்குப் பெரிய பயம். வண்டியிலிருந்து குழந்தையைத் தூக்கச் சொன்னார்கள். பெண்களுக்குத் திரை மறைவில் பெண் காவலர்தான் சோதனை செய்கிறார், கூச்சப்பட ஒன்றுமில்லை. பால் பாட்டிலைக் கொட்டச் சொல்வார்களோ என்று நடுங்கினேன். “குழந்தைக்குத்தானே? எடுத்துட்டுப் போங்க” என்று விட்டுவிட்டார்கள். பயணத்துக்கு வேண்டிய அளவு பால், குழந்தை உணவு எல்லாம் கொண்டு போகலாம். நாமே எடுத்துக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்டது எண்ணெய்! குழந்தைக்குத் தேய்க்க அம்மா தன் கையால் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். கடைசி நிமிஷத்தில் கைப்பையில் சொருகிவிட்டாள், நானும் கவனிக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் ஆகாது. “பாதிதான் இருக்கு” என்றேன். உள்ளே இருப்பது எவ்வளவு என்பது கணக்கில்லையாம், பாட்டில் எத்தனை கொள்ளும் என்பதுதான் கணக்கு. பெரிய பெட்டியோ முன்பே போய்விட்டது. தவறு எங்களுடையதுதான். இருந்தாலும் அந்தப் பாட்டில் தொட்டியில் விழுந்த சத்தம் என்னவோ செய்தது.

காத்திருக்கும் கூடத்தில் குளிர் சாதனம் சும்மா நடுக்குகிறது. வெளியே வியர்க்கிறதே என்று குழந்தைக்கு மெல்லிய சட்டை மட்டும் போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். குல்லாய், காலுறை, ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டு, மூன்றும் கையில் இருக்கட்டும். காலி தண்ணீர் பாட்டிலைக் கொண்டு போனால் உள்ளே குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். பால் பவுடர் கலக்கக் காப்பிக் கடையில் வெந்நீர் கேட்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

காசு கொடுத்து உட்காரும் ‘லவுஞ்ச்’ பற்றிப் பலர் கேட்கிறார்கள். மெத்தை நாற்காலி, சாப்பாடு எல்லாம் உண்டு. சில வங்கி அட்டைகளுக்கு இலவசம். ஆனால் உங்கள் அட்டை செல்லுமா என்று வீட்டிலேயே விசாரித்து விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விமானம் என்றால் எனக்கு அது வீண் செலவாகத்தான் படுகிறது. குழந்தை தூங்கிவிட்டால் எந்த நாற்காலியும் மெத்தைதான்!

என் பெண் தூங்கவில்லை. எதிர் வரிசையில் அம்மா வயதில் ஒரு பெண்மணி, அதே பச்சை நிறப் புடவை. அவளைக் கண்டதும் கையை நீட்டித் தாவினாள். அந்த அம்மாள் வாங்கி மடியில் போட்டுத் தட்டிக் கொடுக்க, நான் அவசரமாக முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

விமானம் ஏற அழைப்பதற்கு முன்பே துணி மாற்றிவிடுங்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்களை முதலில் அழைப்பது வழக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குக் காது அடைக்கும், அதனால் ஒரு வேளைப் பாலை அதற்கென்றே ஒதுக்கி வைத்தேன்.

வரிசையில் நின்றபடி அம்மாவுக்குப் போன் செய்தேன். எண்ணெய் போன கதையைச் சொன்னேன்.

“போனா போகுது. வேற காய்ச்சி யார்கிட்டயாவது குடுத்தனுப்பறேன். பாப்பா அழுதாளா?”

“இல்லம்மா. நீ வீட்டுக்குப் போயாச்சா?”

சற்று நேரம் பதில் இல்லை. பின்னால் கார்களின் சத்தம் கேட்டது.

“வாசல்லதான் இருக்கேன். பிளேன் கிளம்பட்டும், போறேன்.”