கைப்பிடி ஓரம் வெளுக்கும் மக்

போட்டோ அச்சடித்த காபி மக்கைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ராபர்ட்சன்பேட்டையில் என் அத்தை பையன் அந்தத் தொழில்தான் செய்கிறான். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களில் பலருக்குப் பிழைப்பு என்றால் விடிகாலை ரயிலும் பெங்களூரும்தான். இவனும் ஆறு வருஷம் போய் வந்தான். "போதும்டா சாமி" என்று இப்போது ஒரு ஹீட் பிரஸ்ஸோடு ஊரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போன மாசம் மஸ்கட்டில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படங்கள். பழைய தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றுகூடும் விழாவுக்கு 40 மக். சுரங்கக் கோபுரத்தின் படம். நடுவில் பளிச்சென்று இருக்கிறது, கைப்பிடி ஓரம் வெளுத்திருக்கிறது. சிலதில் திட்டுத்திட்டு. அட்வான்ஸ் பணம் மக் வாங்கவே சரியாகிவிட்டது.

"அண்ணா, மை டூப்ளிகேட்டா இருக்குமோ?"

மையாக இருந்தால் நடுவிலும் வெளுத்திருக்க வேண்டுமே! இந்த மை சூட்டில் நேராக ஆவியாகி, மக் மேல் பூசியிருக்கும் பாலியஸ்டர் பூச்சுக்குள் இறங்குகிறது. 180 டிகிரியும் சீரான அழுத்தமும் எங்கே சேரவில்லையோ அங்கே வெளுக்கும். அவன் ஏற்கெனவே 200-க்கு ஏற்றிப் பார்த்திருக்கிறான். ஓரம் தேறவில்லை, நடுவில் கறுப்பு பழுப்பாகிவிட்டது!

இங்கே ஆலையில் எனக்கு ஹீட்டர், சென்சாரோடுதான் வேலை. அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஒரு மக்கில் மேல், கீழ், கைப்பிடியின் இரு பக்கம் என்று சின்னக் கறுப்புக் கட்டங்களை ஒட்டி அடிக்கச் சொன்னேன்.

தெரிந்தது இவ்வளவு:

1. கைப்பிடியை ஒட்டி ஹீட்டர் பட்டை சரியாகப் படியவில்லை. படத்தின் அகலத்தைக் குறைத்து, இரு பக்கமும் இடம் விட்டதும் சரி.

2. திட்டுக்குக் காரணம் ஈரம். பேப்பர் கட்டு மழை நாளில் திறந்தே கிடந்திருக்கிறது. மூடிவைத்த கட்டிலிருந்து எடுத்ததும் போச்சு.

3. காலையில் அடித்தது நன்றாக இருக்க, சாயங்காலம் அடித்தது மொத்தமாக மங்கல். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 200 வோல்ட். 230-க்கு 200 என்றால் ஹீட்டரின் சக்தியில் கால் பங்கு காலி. குளிர்ந்த மக்கை வைத்ததும் இறங்கும் சூடு திரும்ப ஏற நேரமாகிறது, டைமரோ அதற்குள் ஓடி முடிந்துவிடுகிறது. இப்போது சூடு 180-க்குத் திரும்பிய பிறகுதான் நேரத்தை எண்ணுகிறான்.

டிஸ்ப்ளே காட்டுவது ஹீட்டரின் சூடு, மக்கின் சூடு அல்ல. இதை மட்டும் மறக்காதீர்கள்.

கெட்டுப்போனது ஏழு மக். அதில் ஒன்றில்தான் அத்தை காபி குடிக்கிறாள். மீதி 33-ஐயும், மாற்றாக வாங்கிய ஏழையும் விழாவுக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டான். ரயில் பாஸ் பற்றி இப்போதைக்கு வீட்டில் யாரும் பேசவில்லையாம்.