அமுங்கலும் மீளலும்

காருக்கு ஷொக் அப்சோபர் மாற்றப்போகிறேன் என்று சொன்னால், ரொறன்ரோவில் எங்கள் பெடியள் கேட்கும் முதற்கேள்வி, "எவ்வளவு ஹார்ட் ஆக்கப்போறாய்?" என்பதுதான். இறுக்கம் என்றால் வேகம், தளர்வு என்றால் கிழவர்களின் கார். என் வீட்டில் வேகமான கார் ஒன்றும் கிழவர் ஒருவரும் இருக்கிறபடியால், இந்தக் கணக்கை நான் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

கார், 2012 ஆம் ஆண்டுக் கொல்ஃப் ஜி.ரி.ஐ. நான்கு கதவு, இரண்டு லீற்றர் ரேர்போ எஞ்சின், மூக்கில் பாரம் கூடிய வண்டி. வாரநாளில் வேலைக்குப் போகும். கோடையில் மாதம் ஒரு ஞாயிறு ஓட்டோகுறொஸ் ஓடும். பெரிய வாகனத் தரிப்பிடமொன்றில் செம்மஞ்சள் கூம்புகளை நட்டு, அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து நேரத்துக்கு எதிராக ஓடுகிற விளையாட்டு அது. ஒரு ஓட்டம் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக நாள் முழுக்க வெயிலில் நிற்பேன். மனைவிக்கு இது விளங்குவதில்லை. எனக்கும் விளக்கத் தெரியாது.

கிழவர் என் அப்பா. 78 வயது. எலும்பு மெலிந்து முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நசிந்துவிட்டது. விழுந்தாரா என்று டொக்டர் கேட்டார். விழவில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை டவுன்ரவுணிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் கார் ஒன்றுதான்.

140,000 கிலோமீற்றர் ஓடியதில் பழைய ஷொக் நான்கும் செத்துப்போயிருந்தன. பாலத்து மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி இரண்டு மூன்று தரம் துள்ளும். பள்ளத்தில் விழுந்தால் 'டங்' என்று முதுகுக்குள் கேட்கும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தினார். "இண்டைக்கு வேண்டாம் தம்பி, சனமாயிருக்கும்." விசேஷம் எதுவுமில்லாத செவ்வாய்க்கிழமையிலும் சனமாயிருக்கும் என்றார். அம்மாதான் ஒருநாள் குசினிக்குள் வைத்துச் சொன்னா: "அவருக்குக் கார் இடிக்குது. உன்னட்டச் சொல்லமாட்டார்."

ஷொக் மாற்றியே ஆகவேண்டும். எதை மாற்றுவது?

ஷொக் அப்சோபர் என்ற பேரே கொஞ்சம் பொய். அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிறிங். வாங்கியதைத் திருப்பித் திருப்பி உதறாமல் பிடித்து நிறுத்துவதுதான் ஷொக்கின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் சிறு துவாரங்களும் மெல்லிய தகடுகளும் உள்ள பிஸ்டன். சக்கரம் அசையும்போது எண்ணெய் அந்தத் துவாரங்களால் நெருக்கிக்கொண்டு போகவேண்டும். அசைவு முழுவதும் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. வளைவில் கார் கடைசியில் எவ்வளவு சரியும் என்பதை ஸ்பிறிங்கும் அன்ரி-ரோல் பாரும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு விரைவாகச் சரியும் என்பது மட்டும் ஷொக்கின் கையில். கூம்புகளுக்கிடையில் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டும்போது கார் ஒருபோதும் கடைசிச் சரிவில் நிலைத்து நிற்பதில்லை. அதனால்தான் ஓட்டோகுறொஸ்காரருக்கு ஷொக் மேல் இவ்வளவு பைத்தியம்.

இந்த வேலை இரண்டு திசையில் நடக்கிறது. சக்கரம் மேலேறி ஷொக் அமுங்குவது ஒன்று. ஸ்பிறிங் உதைத்து அது மீண்டும் நீளுவது மற்றது. இரண்டுக்கும் தனித்தனித் தடை. அதற்குள் இன்னொரு பிரிவும் உண்டு. ஷொக் விஷயத்தில் வேகம் என்றால் காரின் வேகம் அல்ல, பிஸ்டனின் வேகம். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் பிஸ்டன் விநாடிக்குச் சில சென்ரிமீற்றர்தான் நகரும். பங்குனி மாதப் பள்ளமொன்றில் சக்கரம் விழுந்தால் அது விநாடிக்கு ஒரு மீற்றரையும் தாண்டலாம்.

இதை ஒரு கடுதாசியில் எழுதிப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். அப்பாவின் முதுகை இடிப்பது வேகமான அமுங்கல். எனக்குக் கூம்புகளுக்கிடையில் வேண்டியது மெதுவான அசைவில் பிடிப்பு, அதிலும் மீளும் திசையில். நாங்கள் இருவரும் கேட்பது ஒரே குழாயின் வேறு வேறு மூலைகளை. சண்டை நான் நினைத்த அளவுக்கு இல்லை.

சந்தையில் இருப்பதைப் பார்த்தேன். பில்ஸ்ரைன் பி6, ஒற்றைக் குழாய் வகை. உயர் அழுத்த நைதரசன், மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் எண்ணெயிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் நுரைக்காது, சூடும் நேரே வெளிச்சுவரால் போய்விடும். அருமையான பொருள், ஆனால் தொழிற்சாலை வைத்த வைப்புத்தான், நாங்கள் திருப்ப ஒன்றுமில்லை. அதே நிறுவனத்தின் பி16 கொயிலோவரில் பத்து நிலைகள் உண்டு, உயரத்தையும் மாற்றலாம். ஆனால் ஒரே திருகு அமுங்கலையும் மீளலையும் சேர்த்தே இறுக்கும். எனக்காக இறுக்கினால் அப்பாவுக்கும் இறுகும். உயரம் மாற்றும் மரையைப் பற்றியும் ஒரு சொல்: கனடாவில் ஐந்து மாதம் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். நாலாவது வருடம் அந்த மரை அசையுமா என்பது கடவுளுக்கும் சுத்தியலுக்கும்தான் வெளிச்சம். அதற்கும் கீழே, முப்பது கிளிக், முப்பத்திரண்டு கிளிக் என்று விளம்பரம் செய்யும் மலிவான பெட்டிகள். கிளிக்கின் எண்ணிக்கை எதையும் சொல்லாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் எந்தப் பிஸ்டன் வேகத்தில் எத்தனை நியூற்றன் தடை என்ற வரைபடத்தைக் கேளுங்கள். தராதவனிடம் வாங்காதீர்கள். பலவற்றில் மாற்றமெல்லாம் கடைசி நாலைந்து கிளிக்குக்குள் நெருக்கிக்கொண்டிருக்கும், மீதி அலங்காரம்.

அப்படியொரு பெட்டி பூட்டிய நண்பன் ஒருவனின் காரில் கார்டினர் நெடுஞ்சாலையில் போனேன். தூண்களில் நிற்கும் அந்தச் சாலையில் பாலத்து மூட்டுகள் தாளம் போட்டதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவன் திருகை முழு இறுக்கத்தில் வைத்திருந்தான். மீளலை அளவுக்கு மீறி இறுக்கினால் ஒரு மூட்டில் அமுங்கிய ஷொக், அடுத்த மூட்டு வருமுன் முழுதாக நீண்டு முடியாது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் அமுங்கும், மூன்றாவதில் இன்னும். கார் மெல்ல மெல்லத் தாழ்ந்து கடைசியில் தடுப்பு ரப்பரில் குந்திக்கொண்டு ஓடும். "பாத்தியா, எவ்வளவு ஸ்ரிஃப்!" என்றான் அவன். அந்த நேரம் அவனுடைய காருக்கு ஸ்பிறிங்கே இல்லை. நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவன் புதிதாக வாங்கியிருந்தான்.

நான் எடுத்தது மஞ்சள் நிறக் கோனி. 1857 இல் குதிரைவண்டிச் சாமான் செய்யத் தொடங்கிய டச்சு நிறுவனம். இதில் திருகு மீளலை மட்டும் மாற்றும். அமுங்கலை அது தொடாது. என் நோக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானது தனித்தனித் திருகுள்ள பந்தய வகைதான். அதன் விலைக்கு அப்பாவை வாடகைக் காரில் பல வருடம் கூட்டிப்போகலாம். தொழிற்சாலை ஸ்பிறிங்கை அப்படியே விட்டேன். ஸ்பிறிங்கை இறுக்கினால் மீளலையும் கூட்டவேண்டும், பிறகு அந்தக் குந்தும் வியாதி கிட்ட வந்துவிடும்.

பெட்டி வந்த அன்று அப்பா கராஜுக்குக் கதிரை போடச் சொன்னார். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டி ஹயர் பிடித்தவர் அவர். அந்தக் காரில் இந்த மாதிரிக் குழாய் இல்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் மேல்கையே ஷொக்கின் கைதான். அதன் அடியில் எண்ணெய்ப் பெட்டி. எண்ணெய் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்றுவார்களாம். தடித்த எண்ணெய் ஊற்றினால் வண்டி இறுகும், மெல்லியது ஊற்றினால் தளரும். "பிள்ளைத்தாச்சியளை ஏத்திறதெண்டால் மெல்லிசு. மூட்டை ஏத்திறதெண்டால் தடிப்பு" என்றார். எண்ணெயை மாற்றினால் இரண்டு திசையும் சேர்ந்தே மாறும், பி16 இன் திருகைப்போல. அதை அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் கோனியின் தண்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார், விட்டார், அது மெல்ல எழும்பி வருவதைப் பார்த்தார். "இது ஏறேக்க ஒரு மாதிரி, இறங்கேக்க ஒரு மாதிரி" என்றார். மூன்று கிழமை நான் வாசித்ததை அரை நிமிடத்தில் கையால் பிடித்துவிட்டார்.

பூட்டுகிற வேலையைச் சொல்ல அதிகமில்லை. முன்பக்கம் மக்பேர்சன் ஸ்ட்ரட். ஸ்பிறிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் அதைக் கழற்றத் துணியாதீர்கள், அது ஆளைக் கொல்லும். மேல்மவுண்டையும் பெயாரிங்கையும் அதோடு புதிதாகப் போடுங்கள். முடிந்ததும் அலைன்மென்ற் பார்க்கவேண்டும்.

வீதிக்கு முன்திருகு முழுத் தளர்விலிருந்து அரைச் சுற்று, போட்டிக்கு ஒன்றரை. பொனற்றைத் திறந்து அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். பின்பக்கம் சக்கரத்தடியில் இருக்கிறது, வண்டியைத் தூக்கினால்தான் கை போகும். ஆகவே அங்கே ஒரு சுற்றில் வைத்துவிட்டு இருவரும் ஏற்றுக்கொண்டோம். இருவரும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு சுற்று அப்பா வைத்தது. முதலில் நான் ஒன்றரை வைத்தேன். கார்டினரில் இரண்டாவது மூட்டிலேயே "பின்னுக்குக் குந்துது" என்றார். முன் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர். இறங்கி நின்று பார்த்த எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கால் சுற்றுக் குறைத்தேன், இன்னும் என்றார். ஒன்றில் வந்ததும் பேச்சில்லை. போட்டியில் பின்பக்கம் எனக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கம் நல்லதுதான். மூக்குப் பாரமான வண்டியின் வாலைத் திருப்ப அது உதவும். அதற்கு ரயர் காற்றில் விளையாடுகிறேன்.

பொனற்றின் உட்புறம் ஒட்டிய நாடாவில் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'முன் ½ — அப்பா', 'முன் 1½ — கூம்பு'. போன செவ்வாய் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்படும்போது அப்பா பொனற்றைத் திறக்கச் சொன்னார். ஞாயிறு ஓடியபிறகு நான் திருகைத் திருப்பி வைத்தேனா என்று பார்த்தார். வைத்திருந்தேன். ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். "பின் ஸ்பிறிங்குக்கு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார். அடுத்த கோடைக்குப் பார்ப்போம் என்றேன்.