வானத்துக்கு வச்ச அளவு

சம்பா நடவு முடிஞ்சாச்சு. முதல் களை எடுக்க இன்னும் நாளு இருக்கு. வாய்க்கால்ல தண்ணி குறையில்லாம வருது. இப்படி நாலு நாள் வாய்ச்சாத்தான் கேமராப் பையைத் தூசி தட்டி வச்சுட்டு, உட்கார்ந்து நாலு வரி எழுத முடியும். இந்தத் தடவை பயிரைப் பத்தி இல்லை. என்னோட கேமராப் பைத்தியத்தைப் பத்தி.

2019-ல பிடிச்ச பைத்தியம் இது. தஞ்சாவூர்ல கல்யாணப் படம் எடுக்கிற ஒரு தம்பி, தான் புதுசு வாங்கினதும் பழைய கேனான் 1300டி-யை என் தலையில கட்டிட்டாரு. கூடவே 18-55 லென்ஸ். உளுந்து வித்த காசு அதோட போச்சு. எங்க வீட்டுல ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசலை. "அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி பிடிச்சிருந்தா இந்நேரம் கட்டுத்தறியில நிக்கும்"னு ஒரே பேச்சு. கன்னுக்குட்டி சாணி போடும், கேமரா போடாதுன்னு நான் சொன்ன பதில் அவ்வளவா எடுபடலை.

பகல்ல படம் நல்லாத்தான் விழுந்துச்சு. ஆனா கிராமத்துல பார்க்க வேண்டியதெல்லாம் பகல்ல எங்க நடக்குது? நாத்துப்பறிக்கு ஆளு இறங்கறது விடியக்காலம் நாலு மணிக்கு. மும்முனை கரண்டு ராத்திரியில வரும், அப்பப் போய் மோட்டார் போடணும். அறுவடைன்னா மிஷினு நடுராத்திரி வரைக்கும் விளக்கைப் போட்டுக்கிட்டு ஓடும். கொள்முதலுக்குக் கொட்டி வச்ச நெல்லுக்குக் காவலும் ராத்திரிதான். வெயில்ல பச்சையா அசையுற பயிரைத்தான் நீங்க பஸ்ஸுல போகும்போது பார்க்கிறீங்க. மீதியெல்லாம் இருட்டுல நடக்கிற சங்கதி.

அந்த இருட்டுல என் லென்ஸ் படுத்துருச்சு. எது எடுத்தாலும் கலங்கல். ஃபிளாஷ் போட்டா முகம் மட்டும் வெள்ளையடிச்ச மாதிரி தெரியும், பின்னாடி எல்லாம் கருங்கும்முனு இருக்கும். ஒரு தடவை நாத்துப்பறியில ஃபிளாஷ் அடிச்சுட்டேன். "கண்ணைப் பறிக்குது, அத நிறுத்துங்க"ன்னு ஆளுங்க சத்தம் போட்டாங்க. நியாயம்தான்.

அப்பத்தான் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸோட ஆசை வந்துச்சு. கேமரா தெரியாதவங்களுக்கு என் பாஷையில சொல்றேன். வெளிச்சத்தைத் தண்ணின்னு வச்சுக்கோங்க. லென்ஸோட துவாரம் மடையோட அகலம். ஷட்டர், மடை எவ்வளவு நேரம் திறந்திருக்குங்கிறது. வயலுக்கு வேண்டிய தண்ணி ஒரே அளவுதான். மடை சின்னதுன்னா அதிக நேரம் திறந்து வைக்கணும். அதுக்குள்ள ஆளு அசைஞ்சா படம் கலங்கிடும். இந்த எஃப் நம்பர் குறையக் குறைய மடை பெருசு. என் பழைய லென்ஸ் அந்தத் தூரத்துக்கு 5.6-க்கு மேல திறக்காது. 1.8-ங்கிறது அதைப்போலப் பத்து மடங்கு வெளிச்சம், கொஞ்சம் முன்னப்பின்ன.

மூணாவது, ஐஎஸ்ஓ. அது மோட்டார் மாதிரி. குட்டையில தண்ணி அடியில கிடக்கும்போது மோட்டாரைப் போட்டு இழுத்தா என்ன வரும்? தண்ணியோட சேறும் வரும். படத்துல அந்தச் சேறுதான் புள்ளிபுள்ளியாத் தெரியுறது. என் கேமரா 6400 வரைக்கும் இழுக்கும். அந்த அளவுல படம் தவிட்டைத் தூவின மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷ உளுந்துல லென்ஸும் வந்துருச்சு. அதுவும் பழசுதான். வீட்டுல, "பழசுக்கு மாத்திக்கிட்டேன்"னு சொன்னேன். அது பாதிப் பொய்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் தூங்கின நேரம் கம்மி. வெள்ளென எழுந்து வரப்புல போய் நின்னுக்குவேன். கிழக்கு வெளுக்கும்போது, வானம் ஒரு மாதிரி கருநீலத்துலேர்ந்து செம்மண் நிறத்துக்கு வரும் பாருங்க, அந்த நேரம் நடவு ஆளுங்க குனிஞ்சு நிக்க, தண்ணியில அவங்க நிழல் விழ, வானத்துக்கு அளவு வச்சு எடுப்பேன். வானம் அப்படியே தகதகன்னு வரும். ஆளுங்க கருப்பா, வெட்டி ஒட்டின காகிதம் மாதிரி வருவாங்க. சென்னையில இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைங்களுக்கு அனுப்பினா, "பெரியப்பா, பிரமாதம்"னு பதில் வரும். அதுல ஒண்ணைப் பெருசா பிரிண்டு போட்டுக் கூடத்துல மாட்டினேன்.

அந்தப் படத்துல இருக்கிற அண்ணி ஒரு நாள் மோர் வாங்க வந்தவங்க நின்னு பார்த்தாங்க. "இதுல நான் எது?"ன்னாங்க. இடப்பக்கத்துலேர்ந்து மூணாவதுன்னு காட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்துட்டு, "மூஞ்சியே இல்லையே. நாலாவது ஆளுன்னு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்"னு சொல்லிட்டு மோரை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு ரசனை இல்லைன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அவங்க வீட்டுக்காரருதான் எங்க பக்கத்து வயல்களுக்குத் தண்ணி கட்டுற அண்ணன். எனக்கும் அவருக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசம். மடை திருப்ப நடு ஜாமத்துல தோள்ல மண்வெட்டியும் கையில டார்ச்சுமா போவாரு. ராத்திரிப் படத்துக்கு அவரைவிட நல்ல ஆளு கிடைக்குமா? நானும் பின்னாலயே போவேன். "ஏந்தம்பி, பேய் பிடிச்சவன் மாதிரி என் பின்னாலயே வர்றே"ன்னு சிரிப்பாரு. வேண்டாம்னு ஒரு நாளும் சொன்னதில்லை.

2021 ஐப்பசி மழையில ஒரு ராத்திரி, நெஞ்சு அடைக்குதுன்னு திண்ணையில உட்கார்ந்தவரு எழுந்திருக்கலை.

திருப்பூர்லேர்ந்து மக வந்து சேர்ந்தப்ப மணி பத்து. அழுது ஓய்ஞ்சதும் என்னைத் தேடி வந்துச்சு. "சித்தப்பா, பேனருக்கு அப்பா படம் ஒண்ணு வேணும். உங்ககிட்டதான் நிறைய இருக்கும்." ஆதார் அட்டையில இருக்கிற முகம் யாருக்குமே உதவாது, அது உங்களுக்கே தெரியும். கல்யாண ஆல்பத்துல இருந்தவரு மீசை கருத்த, பதினாலு வருஷத்துக்கு முந்தின ஆளு. செல்போன்ல எடுத்ததெல்லாம் பழைய போனோட போயிருச்சாம்.

"இருக்கும்மா, காலையில தர்றேன்"னு தெம்பாச் சொல்லிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அண்ணன் இருக்கிற படம் மட்டும் 212. எண்ணிப் பார்த்தேன். டார்ச்சோட வரப்புல போற அண்ணன், முதுகு. மடையில குனிஞ்ச அண்ணன், நிழல். விடியல்ல மண்வெட்டியோட நிக்கிற அண்ணன், கருப்பு. சாப்ட்வேர்ல இருட்டை எவ்வளவோ தூக்கிப் பார்த்தேன். தூக்கத் தூக்கப் புள்ளிதான் வந்துச்சே தவிர மூக்கும் கண்ணும் வரலை. அன்னைக்கு விழாத வெளிச்சத்தை இன்னைக்கு எங்கேர்ந்து எடுக்கிறது?

ராத்திரி ஒரு மணிக்கு, வேண்டாம்னு ஒதுக்கி, அழிக்க மறந்துபோன படங்களுக்குள்ள ஒண்ணு ஆப்புட்டுச்சு. மோட்டார் கொட்டகையில எடுத்தது. அன்னைக்கு அங்க பல்பு போயிருந்துச்சு. அண்ணன் டார்ச்சைத் தரையில வச்சு, சுண்ணாம்பு அடிச்ச சுவத்துப் பக்கம் திருப்பி விட்டிருந்தாரு. சுவத்துல பட்டுத் திரும்பின வெளிச்சம் கொட்டகை முழுக்க லேசாப் பரவியிருந்துச்சு. லென்ஸ் இவ்வளவு இருட்டுல என்ன பண்ணுதுன்னு சோதிக்கத்தான் ஒண்ணு அடிச்சேன். எஃப் 1.8, ஒரு செகண்டுல முப்பதுல ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 6400. முகத்தைத் துண்டால துடைச்சுக்கிட்டே ஏதோ சொல்லிச் சிரிக்கிறாரு. தவிட்டுப்புள்ளி தாராளமா இருந்துச்சு. அவ்வளவு திறந்த லென்ஸுல ஃபோகஸ் விழற கனம் மூணு விரக்கடைதான். கண்ணுல விழுந்துருக்கு, காது கலங்கிருச்சு. அந்தக் குறைக்காகத்தான் அதை ஒதுக்கியிருந்தேன்.

பழைய லென்ஸா இருந்தா அந்த இடத்துல அந்த முகமும் கலங்கியிருக்கும். அதனால பொருள் முக்கியமில்லை, பார்வைதான் முக்கியம்னு நான் பெரிய பேச்சு பேச மாட்டேன். லென்ஸ் உதவிச்சு. அதை வச்சிருந்தவன்தான் ஒரு வருஷமா உதவலை.

புள்ளியை நீக்கப் பார்த்தேன். நீக்க நீக்க முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வழவழன்னு ஆயிருச்சு, கன்னத்துச் சுருக்கமெல்லாம் போயிருச்சு. பழையபடி புள்ளியோடவே விட்டுட்டேன். காலையில பேனர் போடுற கடையில குடுத்தா, அந்தத் தம்பி கேட்காமலே ரெண்டு தட்டுத் தட்டி முகத்தைச் சிவப்பாக்கிட்டான். எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணுவானாம், யாரும் குறை சொன்னதில்லையாம். மக பார்த்துட்டு, "இது எங்கப்பா நிறம் இல்லைண்ணே"ன்னு ஒரே வார்த்தை சொல்லிச்சு. மாத்திக் குடுத்தான்.

அந்த வார்த்தை எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அவன் வெளுப்பாக்கினான், நான் கருப்பாக்கினேன். ரெண்டு பேரும் அந்த மனுஷன் முகத்துக்கு அளவு வைக்கலை. ஃபிலிம் காலத்துல கோடாக் கம்பெனி, நிறம் சரியா வருதான்னு லேபுங்க ஒத்துப்பார்க்க ஒரு அட்டை அனுப்புமாம். ஷெர்லி அட்டைன்னு பேரு. ரொம்பக் காலத்துக்கு அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணோட முகம். அளவு யாருக்கு வைக்கிறோமோ அவங்கதான் படத்துல சரியா வருவாங்க. நான் வானத்துக்கு வச்சேன். வானம் நல்லா வந்துச்சு.

துக்கம் முடிஞ்ச பிறகு, மச்சான் மகன் எப்பவோ காட்டின பழைய தஞ்சாவூர் படங்கள் ஞாபகம் வந்துச்சு. 1858-ல கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசாங்கத்தோட படக்காரரா இங்க வந்து எடுத்தது. மெழுகு ஏத்தின காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். பெரிய கோயில் விமானத்து அடித்தளத்தைச் சுத்தி ஓடுற கல்வெட்டைத் துண்டு துண்டா எடுத்து, 21 படத்தை வரிசையா ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கியிருக்காரு. கல்லு ஒவ்வொண்ணும் அவ்வளவு துல்லியம். கொஞ்ச நாள்ல கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரம்னு அந்த வேலையையே நிறுத்திட்டாரு. இதை எங்க வீட்டுல படிச்சுக் காட்டினேன். "விவரமான மனுஷன்"னு சொல்லிட்டு அரிசி புடைக்கப் போயிட்டா.

ட்ரைப் படங்கள்ல ஆளுங்க அபூர்வம். அவரு காகிதத்துல படம் விழ நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் கல்லு நிக்கும், மனுஷன் நிக்க மாட்டான். அவருக்கு அது சாக்கு. எனக்கு என்ன சாக்கு? பத்து மடங்கு வெளிச்சம் வாங்குற லென்ஸை ரெண்டு வருஷ உளுந்துக் காசைப் போட்டு வாங்கி, இருட்டுலயும் முகத்தைப் பிடிக்கலாம்னு வந்தவன், கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் அதே முகத்தை இருட்டடிச்சிருக்கேன்.

இப்ப எப்படி எடுக்கிறேன்னு சொல்றேன், யாருக்காவது உதவும். விடியல்ல கிழக்கே பார்த்து நிக்கிறதில்லை. கிழக்கே போய் நின்னுக்கிட்டு மேற்கே பார்க்கிறேன். ஆளுங்க முகத்துல வெளிச்சம் விழுது. எதிர் வெளிச்சத்துலதான் எடுத்தாகணும்னா, மீட்டர் சொல்றதைவிட ஒண்ணரை, ரெண்டு ஸ்டாப் கூட்டி வைக்கிறேன். வானம் வெளுத்துப்போகும், போகட்டும். நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் வச்சுக்கிட்டு, கிட்ட இருக்கிற கண்ணுல வைக்கிறேன். முன்னாடியே கேட்டுட்டு எடுக்கிறேன். எடுத்ததைச் சின்னதா பிரிண்டு போட்டு அவங்கவங்க கையில குடுத்துடறேன்.

இந்த சம்பா நடவுல அண்ணிதான் முதல்ல கூப்பிட்டாங்க. "தம்பி, எனக்கும் ஒண்ணு எடுத்துரு. உசுரோட இருக்கும்போதே பார்த்துக்கிறேன்." கையில நாத்து முடி, காலு சேத்துல, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நேரா லென்ஸைப் பார்த்தாங்க. பின்னாடி வானம் வெறும் வெள்ளைத் தாளா வந்திருக்கு. சென்னைப் பிள்ளைங்களுக்கு அனுப்பினேன். ஒரு பயலும் பிரமாதம்னு சொல்லலை. அண்ணி மட்டும் பிரிண்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பல்லு ஒண்ணு விழுந்தது தெரியுது பாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

கூடத்துல இருந்த பெரிய படத்தை இன்னும் கழட்டலை. நல்ல படம்தான் அது. பக்கத்துல கொட்டகைப் படத்தையும் புள்ளியோட மாட்டியிருக்கேன்.

இன்னொண்ணு. தஞ்சாவூர்த் தம்பிகிட்ட 35 எம்.எம். எஃப் 1.4 லென்ஸ் ஒண்ணு பழசா வந்திருக்காம். உளுந்து இன்னும் விதைக்கலை. எங்க வீட்டுல யாரும் சொல்லிடாதீங்க.