வடக்கே போக ஒரு வழி

எங்கள் ஊர் கிருஷ்ணன்கோவில். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாடியே வந்துவிடும். நாற்பத்தாறு வயதுவரை நான் தாண்டிய எல்லை திருப்பதிதான். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், "இந்தத் தடவை வடக்கே போயிடுவோம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

அவர் ஒரு தாளில் எழுதினார்: டில்லி, ஆக்ரா, ஹரித்துவார், காசி, கயா, அமிர்தசரஸ். பையன் பக்கத்தில் வந்து 'காஷ்மீர்' என்று சேர்த்தான். மில்லில் லீவோ பன்னிரண்டே நாள். கூட வருகிற என் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. படி என்றால் பக்கவாட்டில்தான் இறங்குவார்கள்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். மதுரையிலிருந்து டில்லி போக ரயிலில் இரண்டு இரவு. திரும்பி வர இன்னும் இரண்டு. அதெல்லாம் போக, கையில் நிற்பது ஏழு நாள். ஏழு நாளில் ஏழு ஊர் என்றால் பார்ப்பது ஊரையா, ஸ்டேஷனையா? நாம் பாட்டுக்கு 'வடநாடு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது ஒரு ஊரா என்ன!

"அத்தே, நீங்க சொல்லுங்க. ஒரே இடம்னா எங்க போகணும்?" என்று கேட்டேன். காசி என்பார்கள் என்றுதான் நினைத்தேன். "நம்ம ஆண்டாள் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டாளே தாயி, அந்த ஊரைப் பாத்தாப் போதும்" என்றார்கள்.

நாச்சியார் திருமொழியில் பத்துப் பாட்டு இருக்கிறது. மதுராவில் விடுங்கள், ஆயர்பாடியில் விடுங்கள், யமுனைக் கரையில் விடுங்கள், கோவர்த்தனத்தில் விடுங்கள் என்று உறவுக்காரர்களிடம் கெஞ்சுகிற பாட்டுகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெண் போட்ட பயணத் திட்டம் அது! கடைசியில் துவாரகையும் கேட்கிறாள். அது குஜராத்தில், மதுராவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அதை மட்டும் விட்டுவிட்டோம். மற்றதெல்லாம் மதுராவைச் சுற்றியே இருக்கிறது. டில்லிக்கும் ஆக்ராவுக்கும் நடுவில்தான் மதுரா.

காசியை விட்டதில் அவருக்கு மனத்தாங்கல். "அப்பாவுக்குக் காசியில செய்யணும்னு நெனச்சேன்" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அத்தையின் முழங்காலும் ஒரு நியாயம்தானே? டில்லி இரண்டு நாள், மதுரா பிருந்தாவனம் நாலு நாள், ஆக்ரா ஒரு நாள் என்று முடிவாயிற்று.

மாதமும் பார்க்க வேண்டும், சகோதரிகளே. டிசம்பர், ஜனவரியில் அங்கே பனிமூட்டம், ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். மே மாதம் அனல். ஹோலிக்கு மதுராவில் கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் பிப்ரவரியில், ஹோலிக்கு முன்னாலேயே போனோம். இப்போது ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அத்தைக்குக் கீழ் பெர்த் வேண்டுமென்று அன்றைக்குக் காலையிலேயே பதிந்துவிட்டோம். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, டில்லி செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை. நாங்கள் ஆக்ராவை வெள்ளியன்றுதான் போட்டிருந்தோம்! நல்லவேளை, மகள் கண்டுபிடித்துச் சொன்னாள்.

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளியோதரை மறுநாள் மத்தியானம் வரைக்கும். அப்புறம் வாழைப்பழமும் ரொட்டியும். வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க்.

டில்லியைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய ரோடுகள், அவ்வளவுதான். கோவர்த்தன மலையைச் சுற்றி வர 21 கிலோமீட்டர். ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நாங்கள் அத்தையை பேட்டரி ரிக்ஷாவில் உட்கார வைத்துச் சுற்றினோம். "இது கணக்குல சேருமா?" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். பிருந்தாவனத்தில் குரங்குத் தொல்லை அதிகம். இவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஒன்று மதில்மேல் ஏறிவிட்டது. ஒரு பையன் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை வீசிக் கண்ணாடியை மீட்டுத் தந்தான். போகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிருந்தாவனத்தில் ரங்கஜி கோவில் என்று ஒன்று. மதுராவைச் சேர்ந்த சேட் குடும்பத்தார் கட்டி 1851-ல் முடித்தது. வாசல் வடநாட்டு மாதிரி இருக்க, உள்ளே போனால் நம் ஊர் கோபுரம்! தங்கத் தகடு போர்த்திய கொடிமரம். சந்நிதியில் கோதையும் ரங்கமன்னாரும், பக்கத்திலேயே கருடனும், ஸ்ரீவில்லிபுத்தூரில் சேவிக்கிற அதே மாதிரி.

அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை நடுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்கள்:

"நீயும் வந்து சேந்துட்டியா தாயி."

இவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் தர்மசாலையில், அடுத்த சீட்டு எப்போது முடியும் என்று என்னிடம் கேட்டார். காசிக்குத்தான்.